மழை விட்டது, கடல் விடவில்லை

அரையாண்டு விடுமுறைக்கு அக்கா பிள்ளைகளோடு ஊரிலிருந்து வந்துவிட்டால், மயிலாப்பூரில் இருக்கும் எங்களுக்கு ஒரு நாள் கடற்கரைக்கென்றே போய்விடும். காலையில் கலங்கரை விளக்கம், அப்படியே பட்டினப்பாக்கம், பொழுது சாயும்போது பெசன்ட் நகர். டிசம்பர் வானம் காலையில் தூறும், மதியம் வெயிலடிக்கும். அந்த வெயிலை நம்பித்தான் எல்லோரும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

“மழை விட்டாச்சு, கடலும் அடங்கியிருக்கும்.”

தலைக்கு மேல் இருக்கும் மேகத்துக்கும் காலடிக்கு வரும் அலைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. எங்கோ தூரக் கடலில் அடித்த காற்று கிளப்பிய அலை, அந்தக் காற்று ஓய்ந்த பிறகும் ஓடிவந்து நம் கரையில் உடையும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது. அப்போது நம் கடலில் புயலே இல்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் அந்தப் பேரலையைக் கேரளத்தில் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புமுன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

“ஒன்றாம் எண் கூண்டுதானே!”

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் கப்பல்களுக்கான மொழி. 5, 6, 7 மூன்றிலும் அபாயம் ஒன்றுதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதே வித்தியாசம். ஒன்று ஏறினாலே தூரக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது என்று பொருள்.

“நுரை கடலுக்கு இயல்பு, குழந்தைகள் விளையாடட்டும்.”

பட்டினப்பாக்கத்தில் 2019 டிசம்பர் தொடக்கத்தில் இடுப்புக்குக் கீழே நுரை மூட, பிள்ளைகள் அதில் புரண்டார்கள். மழைவெள்ளம் அடையாற்று முகத்துவாரம் வழியாகக் கொண்டுவந்து கொட்டும் சாக்கடையும் சோப்புநீரும் அதில் கலந்திருக்கின்றன. அள்ளி முகத்தில் பூச விடாதீர்கள்.

“முழங்கால் தண்ணிதானே.”

இதுதான் என்னைத் தூங்கவிடாத வார்த்தை. பெசன்ட் நகரில் அக்கா மகன் முழங்காலளவில்தான் நின்றான். அலை திரும்பும்போது குதிகாலுக்கடியில் மணல் அரித்துப்போய், நின்ற இடமே குழியாகிச் சாய்ந்தான். கையைப் பிடித்திருந்தேன், தப்பினான்.

கரையேறிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கிடைத்தால் ஆறுபோல ஒடுங்கி உள்ளே பாயும். இருபுறமும் வெள்ளையாக அலை உடைய, அந்த இடம் மட்டும் கருத்து, சாதுவாகத் தெரியும். குழந்தையை இறக்க அதுதான் நல்ல இடமென்று நமக்குத் தோன்றும். அந்த ஓட்டம் ஆளை அடியில் அமுக்காது, கடலுக்குள் இழுக்கும். எதிர்த்து நீந்திக் கை ஓய்ந்துதான் மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும்.

“நீச்சல் தெரிஞ்சவங்க கூட இருக்காங்களே.”

பெசன்ட் நகர் மணலில் நிற்கும் வெள்ளை வளைவைப் பார்த்து, சினிமாவுக்குப் போட்ட செட்டா என்று கேட்டான் அதே பையன். அது கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930 டிசம்பர் 30 அன்று, மற்றவர்களின் உயிரைக் காக்கப் போராடி அந்தக் கடலில் மூழ்கியவர் அவர். இழுபடுபவர் பின்னால் குதிக்காதீர்கள். மூடி போட்ட காலித் தண்ணீர் கேன், ட்யூப், கயிறு, கையில் கிடைப்பதை எறியுங்கள். பக்கத்திலேயே ஊரூர் குப்பம் இருக்கிறது. மீனவர்களைக் கூவிக் கூப்பிடுங்கள்.