பவுன் விலையும் நம்ம ஊர்க் கல்யாணமும்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பவுன் விலை எதுக்குடே என்று கேட்காதீர்கள். நம்ம நாஞ்சில் நாட்டில் கல்யாணப் பேச்சு ரூபாயிலா நடக்குது? பவுனில்தானே! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தாச்சு. 'பிள்ளைக்கு எவ்வளவு போடுவீங்க?' என்ற கேள்விதான் இன்னும் போகவில்லை.

2025-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரி தொடக்கத்தில் ஒரு பவுன் (8 கிராம், 22 காரட்) சுமார் 57,000 ரூபாய். ஏப்ரலில் 70,000, செப்டம்பரில் 80,000, டிசம்பரில் ஒரு லட்சம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டியது. தை மாதம் 25 பவுன் என்று வாக்குக் கொடுத்த தகப்பனாருக்கு, ஆவணி முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் கூடுதல் செலவு. பவுன் ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை, கடன்தான் கூடியது.

முகூர்த்த மாசம் வந்தா விலை ஏறும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. ஆடியில் கூட்டம் குறைந்தால் கடைக்காரர் செய்கூலி, சேதாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். ஆனால் போர்டில் எழுதுகிற ரேட் அவர் கையில் இல்லை. உலகச் சந்தை விலை, டாலருக்கு நிகரான ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி இந்த மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

கால்குலேட்டரை எடுங்கள். 2025 அக்டோபரில் ஒரு அவுன்ஸ் 4,000 டாலரைத் தொட்டது. ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் சுத்தத் தங்கம் கிராம் சுமார் 11,300. இறக்குமதி வரி 6 சதவீதம் சேர்த்து, 22 காரட்டுக்காக 0.916-ஆல் பெருக்கி, 8 கிராமுக்குப் பார்த்தால் ஏறக்குறைய 88,000! கடை ரேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். (ஜி.எஸ்.டி. 3 சதவீதமும் செய்கூலியும் தனி.)

வரியின் வேகத்துக்கு ஒரு சாட்சி: 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் அது 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. அன்றே பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது.

2025-இல் ஏன் இப்படி ஏறியது? ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்த வரிகளால் வந்த பயம், செப்டம்பரில் அங்கே வட்டி குறைப்பு, பல நாட்டு மத்திய வங்கிகள் டாலரைக் குறைத்துத் தங்கம் வாங்கியது. டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியதால் நமக்கு இன்னொரு அடி.

அட்சய திருதியை சங்கதியும் கேளுங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 22-இல் அவுன்ஸ் 3,500 டாலரைத் தொட்டு இறங்கியது. ஏப்ரல் 30, திருதியை அன்றைக்கு அதைவிடக் குறைவு. நம்ம ஊர் கியூ லண்டனுக்குத் தெரியவே தெரியாது!