விண்ணப்ப எண் சான்றிதழ் ஆகாது

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பும் துண்டும் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் இயக்குநர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. நிறுவனத்துக்கு டாட் காம் முகவரி இருக்கிறது. அதே பெயரில் டாட் ஷாப் முகவரியைப் பழைய டீலர் ஒருவர் வாங்கி, வேறு சரக்கை விற்கிறார். மேலும் பல புதிய டொமைன்கள் வரப்போகின்றனவாம். பெயரைக் காப்பது எப்படி? டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்தாயிற்று, சான்றிதழ் வரவில்லை.

பதில்: கடைசி வரியில்தான் மொத்தப் பிரச்சினையும் இருக்கிறது.

புதிய பொது டொமைன் ஒன்று திறக்கும்போது, பொதுமக்களுக்கு விற்கும் முன் டிரேட்மார்க் உரிமையாளர்களுக்குக் குறைந்தது 30 நாள் ஒதுக்க வேண்டும் என்பது, இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. இதற்கு ‘சன்ரைஸ்’ என்று பெயர். 2013 முதல் இயங்கும் டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸில் குறியைப் பதிந்து, அது பயன்பாட்டில் இருப்பதற்கான ஆதாரமும் கொடுத்தவருக்கே அந்தச் சலுகை. நிலுவையிலுள்ள விண்ணப்பத்தை அங்கே ஏற்கமாட்டார்கள். கம்பெனிப் பதிவுச் சான்றிதழும் ஜிஎஸ்டி எண்ணும் அங்கே செல்லாது.

இனி வாசகர் அனுப்பிய காகிதங்கள். டிரேட்மார்க் பதிவகத்தின் ஆய்வறிக்கை வந்திருக்கிறது, பதில் போகவில்லை. ‘ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம்’ என்கிறார். அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படலாம். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இத்தனை ஆண்டு உழைத்துச் சம்பாதித்த பெயரை ஒரு பதில் கடிதம் எழுதாமல் பறிகொடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருப்பது வேதனை. போதாக்குறைக்கு, லேபிளில் வட்டத்துக்குள் ‘ஆர்’ அச்சிட்டிருக்கிறார்கள். பதிவாகாத குறிக்கு அதைப் போடுவது சட்டத்துக்குப் புறம்பானது. உடனே நீக்க வேண்டும்.

பதிவு கிடைத்துவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்தே அது செல்லும். ஆனால் ஆய்வறிக்கையிலுள்ள ஆட்சேபம் தீர்ந்து டிரேட்மார்க் ஜர்னலில் வெளியான பிறகும், பிறர் எதிர்ப்புத் தெரிவிக்க 4 மாத அவகாசம் உண்டு. ஐகான் அடுத்த சுற்று விண்ணப்பங்களை 2026 ஏப்ரலில் பெறத் தொடங்குவதாக அறிவித்தது. பரிசீலனை முடிந்து புதிய டொமைன்கள் விற்பனைக்கு வர மேலும் காலம் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் சான்றிதழை வாங்கியாக வேண்டும்.

கிளியரிங்ஹவுஸும் முழுக் காவல் அல்ல. எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயரைத்தான் அது கவனிக்கும். விற்பனை தொடங்கிய பிறகு குறைந்தது 90 நாள், அதே பெயரை வாங்க வருபவருக்கு எச்சரிக்கை போகும். வாங்குவதை அது தடுக்காது. அதற்காக எல்லா டொமைன் நீட்டிப்புகளிலும் பெயரை வாங்கிக் குவிப்பதும் வீண் செலவு. 2012 சுற்றில் மட்டும் 1,200-க்கு மேல் வந்தன. அவற்றில் டாட் சக்ஸ் 2015-ல் சன்ரைஸ் முகவரி ஒன்றுக்குச் சுமார் 2,500 டாலர் கேட்டது. டாட் ஷாப், டாட் ஸ்டோர் போலத் தொழிலோடு ஒட்டியவை போதும்.

டீலர் விஷயத்தில் இன்னும் வழி இருக்கிறது. டாட் பைக் திறந்த சிறிது காலத்திலேயே, ஜெர்மனியின் கேன்யன் சைக்கிள் நிறுவனத்தின் பெயரை அதில் வேறொருவர் வாங்கினார். நிறுவனம் உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம், டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் யுடிஆர்பி முறையில் புகார் செய்து, 2014-ல் முகவரியைப் பெற்றது. அந்த முறையில் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் ஒத்திருக்கிறது, எதிராளிக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து கெட்ட எண்ணத்தோடே பயன்படுத்துகிறார். ஒருவர் நடுவராக இருந்தால் ஐந்து முகவரிகள் வரை கட்டணம் 1,500 டாலர். முகவரி கைக்கு வரும் அல்லது ரத்தாகும், நஷ்டஈடு கிடைக்காது.

பதிவில்லாத குறிக்கும், சந்தையில் பெற்ற பெயரை ஆவணங்களோடு காட்டினால் இம்முறையில் இடமுண்டு. நம் நீதிமன்றங்களிலும் அப்படியே. சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் போன்ற பாதுகாப்பு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது. ஆனால் டீலர்ஷிப் ஒப்பந்தத்தில் பெயரைப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருந்தால் வழக்கின் போக்கே மாறிவிடும். அந்த ஒப்பந்தம் கடிதத்தோடு வரவில்லை. அதைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியல்ல.

டீலருக்கு வாட்ஸ்அப்பில் மிரட்டல் எதுவும் அனுப்பக் கூடாது. ஆய்வறிக்கை, டீலர்ஷிப் ஒப்பந்தம், பெயர் அச்சிட்ட மிகப் பழைய பில், தேதியோடு எடுத்த இணையப் பக்கப் படங்கள் ஆகியவற்றுடன் டிரேட்மார்க் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பார்க்க வேண்டும்.