கடல்நீர்த் தொட்டியில் கழிவும் நுண்ணுயிர்களும்

கடல்நீர்த் தொட்டியில் நீர் தெளிவாயிருந்தும் மீன்கள் மடிவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் அமோனியாவே காரணம். மீன்கள் இதனைச் செவுள்வழி வெளியிடுகின்றன. எஞ்சிய இரையும் எச்சமும் மணலில் படிந்து அழுகும்போதும் இது உண்டாகிறது. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலின் இதன் நச்சு அதில் மிகுதியாகும்.

இதனை அகற்றுவோர் நுண்ணுயிர்களே. ஒருவகைப் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும் இவற்றிற்குப் பிராணவாயு இன்றியமையாதது. புதுத்தொட்டியில் இவை பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குமுன் மீன்களை மிகுதியாக விடலாகாது.

நைட்ரேட் அத்துணை நஞ்சன்று; எனினும் அது மிகுந்தால் பாசி படர்ந்து பவளம் நலியும். 200 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் நீரை மாற்றினால், நைட்ரேட்டில் பத்தில் ஒரு பங்கே குறையும். ஆதலின் படிவை அழுகுமுன் நீக்குவதே சிக்கனம். வாரந்தோறும் மணலின் ஒரு பகுதியிலுள்ள படிவைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே உப்பளவுள்ள புதுநீரை ஈடு செய்க. மணல் முழுவதையும் ஒருங்கே கழுவுதலும், வடிகட்டிக் கற்களைக் குளோரின் கலந்த நீரில் அலசுதலும் கூடா. அவை பயன்தரும் நுண்ணுயிர்களையே அழித்துவிடும்.

ஆசிரியர்கள் புதுத்தொட்டியில் இம்மூன்றின் அளவுகளையும் இரு நாட்களுக்கொருமுறை குறித்து வரைபடமிடச் செய்யலாம். ஒன்று தாழ அடுத்தது உயர்வதை மாணவர் தாமே காண்பர்.