பட்டறையும் கல்விக்கூடமே

கல்வி என்றவுடன் ஏடும் எழுதுகோலுமே நம் நினைவில் எழுகின்றன. கையாற் கற்பதும் கல்வியே என்பதை நாம் எளிதில் ஒப்புவதில்லை. பொறித்தொழிலிற் பயிலுநராகச் சேரும் இளைஞன் எங்ஙனம் கற்கின்றான் என்பதை இலக்கண ஆசிரியனாகிய யான் ஆராயப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயின், அதற்கு வழிகாட்டியது நன்னூலே.

பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்திற் கல்வி நிரம்பும் முறையை அளந்து காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு உரைக்கும்போதே நிறையும். இம்மூன்றும் பட்டறையிலும் உள.

முதலாவது, ஆசிரியர் தரும் கால். தொடக்கத்தில் ஒரு மெல்லுருக்குத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, “இம்முகத்தைச் சமமாக்கு” என்பர். அரம் முன்னே செல்லும்போதே வெட்டும். மீளும்போது அழுத்தினாற் பல் மழுங்கும். இதனை ஒரு நாழிகையிற் சொல்லிவிடலாம். கைக்கு வரப் பல நாள் வேண்டும். கை ஊசலாடினால் ஓரங்கள் தேய்ந்து நடு மேடாகும். சமமாயிற்று என அவன் எண்ணும்போது, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பர்; மயிரிழைபோல் ஒளி கசியும். நீலச்சாயம் பூசிய சமதளத் தட்டில் வைத்துத் தேய்த்தால் மேடுகளில் மட்டும் சாயம் ஒட்டும். கட்டுரையிற் பிழையைச் சொல்லலங்காரத்தால் மறைக்கலாம். இரும்பிற் பிழை மறையாது.

இரண்டாவது, உடன் தொழில் செய்வார் தரும் கால். தேய்ந்த பெயாரிங்கின் ஓசையையும் எண்ணெய் தீயும் மணத்தையும் எந்நூலும் உணர்த்தாது. மூத்தவர் அருகே நின்றே செவியும் மூக்கும் பழகும். நம் அயலூராகிய வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. மூத்தோர் கைபார்த்து இளையோர் கற்ற தொழில்மரபின் பெருமை அது.

மூன்றாவது, பிறர்க்குக் கற்பித்து நிறையும் அரைப்பங்கு. 1771இற் பிறந்த ஆங்கிலேயர் ஹென்றி மோட்ஸ்லி பன்னிரண்டு வயதிலேயே வூலிச் படைக்கலச்சாலையில் வேலைக்குச் சென்றவர். பின்னர்த் திருகுவெட்டும் கடைசற்பொறியைச் செம்மைப்படுத்தினார். அவர் பட்டறையிற் பணியாற்றிய யோசேப்பு விட்வேர்த் 1841இல் திருகுப் புரிகளுக்குப் பொது அளவு வகுத்தார்; யேம்ஸ் நாஸ்மித் நீராவிச் சம்மட்டி அமைத்தார்.

நம் நாட்டிலும் 1971ஆம் ஆண்டின் தேசியப் பயிலுநர் சட்டம் இக்கல்விக்கு ஒழுங்கு வகுத்தது. இன்று பயிலுநர் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் பெறலாம். ஆயினும், பரீட்சையிற் தோற்றவர்க்கே பட்டறை என்னும் எண்ணம் நம்மை விட்டகலவில்லை.

இதை எழுதும் யானும் அக்குற்றம் செய்தவன். பல்லாண்டுகளுக்கு முன், சூத்திரம் ஒப்புவிக்க இயலாத மாணவன் ஒருவனை, “நீ இல்லிக்குடம், பட்டறைக்கே தகுவாய்” என வகுப்பில் இகழ்ந்தேன். அவன் கொழும்பு சென்று பயிலுநனாகித் தேர்ந்து மீண்டான். சென்ற ஆண்டு எம் வீட்டு நீரிறைக்கும் இயந்திரம் பழுதுற்றபோது, தன்னிடம் தொழில் பழகும் இளைஞனோடு அவனே வந்தான். தானே விரைந்து திருத்தியிருக்கலாம், செய்யவில்லை. “தம்பி, முதல்ல காதைக் குடுத்துக் கேள். எங்க உரசுது?” என்றான். இளைஞன் பிழையாகப் பூட்டினான். ஒரு சுடுசொல்லும் இல்லை. கழற்றி மீண்டும் பூட்டச் செய்தான். கூலி நீட்டினேன். “சேர், தம்பிக்கு மட்டும் குடுங்கோ” என்றான்.

நன்னூல் கூறும் அரைப்பங்கை என் கிணற்றடியிற் கண்டேன். சூத்திரத்தை ஒப்புவித்தவன் யான். அதன்படி ஒழுகியவன் அவன்.

பழைய மாணவர்களுள் பட்டறையும் தொழிலகமும் நடத்துவோர் பலர். ஆண்டுக்கு ஒரு மாணவனையேனும் பயிலுநனாக ஏற்று, கூலியும் மதிப்பும் அளித்துப் பழக்குவார்களாக. தோற்றவன் என்று அவனை அனுப்பாதிருத்தல் ஆசிரியராகிய எம் கடன்.