நெறி கட்டாத கழுத்து

தல்லாகுளம், மதுரை.

அன்புள்ள பூங்கொடி,

நாக்குப் புற்றுக்காரரின் மகன், “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று அறுவைக்குக் கையெழுத்துப் போட மறுத்ததை எழுதியிருந்தாய். கோரிப்பாளையம் டீக்கடையில் தினமும் கேட்கிற பேச்சுதான். எனக்கு எரிச்சல் மூட்டியது உன் அடுத்த வரி: “கழுத்தில் நெறியே கட்டவில்லை, அதை ஏன் சார் திறக்கிறார்கள்?” அதே பயம், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

சரி, அறுவை மருத்துவர்களே பல காலம் அடித்துக்கொண்ட கேள்விதான். விடை மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. அனில் டிக்ரூஸ் குழுவினர் 2004 முதல் 2014 வரை 596 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் வாயில் சிறிய புற்று. கழுத்தைத் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. ஒரு பாதிக்கு வாய் அறுவையோடு கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். மறு பாதியைக் கண்காணித்து, கட்டி தலைகாட்டினால் அப்போது எடுத்தார்கள். முதல் 500 பேரின் கணக்கு 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் முன்கூட்டியே எடுத்த அணியில் 80 சதவீதம். காத்திருந்த அணியில் 67.5. எட்டுப் பேருக்குக் கழுத்தைத் திறந்தால் ஓர் உயிர் மிஞ்சுகிறது! புது மருந்து கிடையாது, கோடி ரூபாய் எந்திரம் கிடையாது. முன்னேற்றம் என்றாலே ரோபோ என்று பேசுகிற உன் வகுப்புத் தோழர்களிடம் இதைச் சொல்.

கை தடவி ‘ஒன்றுமில்லை’ என்ற கழுத்துகளில், திறந்து பார்த்தபோது ஏறக்குறைய 100-க்கு 30-இல் புற்று இருந்தது. காத்திருந்தவர்களுக்குக் கட்டி வந்தபோது நோய் முற்றியே வந்தது. மும்பையில், ஆய்வுக்கென்றே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் இந்தக் கதி. உசிலம்பட்டிக் கூலிக்காரரை “மாதாமாதம் வந்து காட்டு” என்றால் எத்தனை மாதம் வருவார்?

நம் பக்கத்தில் இந்த மாதிரி ஆய்வு புதிதுமில்லை. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றுக்குப் பிளியோமைசின் மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்து 1977-இலேயே எழுதிவிட்டார்கள். சின்னக் கட்டுரைதான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மருந்தும் கதிரும் சேர்ந்தால் பலன் என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி லான்செட் இதழ் வெளியிட்டது 2000-இல். உங்கள் பாடப்புத்தகம் அடையாற்றை எங்கே சொல்கிறது?

கழுத்துக்கே திரும்புகிறேன். புற்று இல்லாத மீதி 70 பேருக்கு வீண் அறுவைதானே என்பாய். ஆமாம். தோள் நரம்பு சீண்டப்பட்டால் கையைத் தூக்கச் சிரமப்படுவார்கள். அதனால்தான் புற்று முதலில் போய்ச் சேரும் காவல் கணுவை மட்டும் கதிரியக்கத் திரவத்தால் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் புற்று இருந்தால் மட்டுமே மற்றவற்றில் கை வைப்பார்கள். பிழைப்பவர் எண்ணிக்கை இதில் குறையவில்லை என்று பிரான்சும் ஜப்பானும் காட்டிவிட்டன. அதற்கான கருவியும் கைப்பழக்கமும் இல்லாத இடத்தில் கணுக்களை எடுத்துவிடுவதே சரி என்பது என் கட்சி.

ஒரு விலக்கு உண்டு. புற்று 3 மி.மீ.க்கும் குறைவான ஆழமென்றால் மும்பை ஆய்விலும் லாபம் தெளிவாகத் தெரியவில்லை. உன் நோயாளிக்கு எத்தனை மி.மீ.? இரண்டு பக்கக் கடிதத்தில் அதைக் காணோம். கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்