ஸ்பேர் பார்ட் வாங்கக் கிளம்பும் முன்: மும்பைத் தமிழர்களுக்கு முழுமையான வழிகாட்டி

போன மழைக்காலத்தில் மாட்டுங்காவில் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டு மாமியின் ஏசி நின்றுபோனது. கம்பெனி அனுப்பிய பையன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு மாமி, புதுசு 9,000 ஆகும்" என்றான். மாமிக்கு மனசில்லை. தாராவி 90 அடி ரோட்டில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் அந்த போர்டை எடுத்துப் போனேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒரு பார்வை பார்த்தார். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் நீல நிறத்தில் வட்டமாக ஒரு சில்லு, பாதி கருகி வெடித்திருந்தது. "வேரிஸ்டர். கரண்ட் ஏறி அடிச்சிருக்கு. இது தான் செத்து போர்டைக் காப்பாத்திருக்கு" என்றார். அதையும் பக்கத்து ஃபியூஸையும் மாற்றினார். கூலியோடு 350 ரூபாய்.

கம்பெனிப் பையன் பொய் சொன்னான் என்று நான் சொல்லமாட்டேன். அவன் பையில் இருப்பது முழு போர்டு மட்டும். அதைத்தான் அவனால் விற்க முடியும். அண்ணாச்சி கையில் சால்டரிங் அயர்ன் இருக்கிறது. ஒரு ஸ்பேரின் விலை, நீங்கள் அதை எந்த அளவில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முழு சாமானா, போர்டா, போர்டில் ஒட்டிய ஒரு சின்ன பார்ட்டா? முதல் தடவை பார்ட் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

படி 1: எது கெட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போய் "டிவி ஓடலை, என்ன பார்ட் வேணும்?" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் பதில் சொல்லமாட்டார். அவர் வியாபாரி, டாக்டர் இல்லை.

வீட்டிலேயே கண்டுபிடிக்கக்கூடியவை கொஞ்சம் உண்டு. சீலிங் ஃபேன் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால், பெரும்பாலும் கெபாசிட்டர். மேல் கப்பில் ஒளிந்திருக்கும் அதன்மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருக்கும். 100 ரூபாய்க்குள் கதை முடிந்தது. மிக்ஸியில் மோட்டார் ஓடுகிறது, ஜார் சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கிறது. மோட்டாரில் தீப்பொறி அதிகமாகப் பறந்தால் கார்பனைப் பாருங்கள். கிரைண்டருக்கு பெல்ட். டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் பேனல் நன்றாகவே இருக்கிறது, பின்னால் இருக்கும் எல்இடி ஸ்ட்ரிப்தான் போயிருக்கிறது. பேனலுக்குப் புது டிவி விலையில் பெரும்பகுதி போய்விடும். ஸ்ட்ரிப் சில நூறு ரூபாய்.

ஒரு எச்சரிக்கை. நம் வீட்டு 230 வோல்ட், டிவி, ஏசி போர்டுகளுக்குள் நேர்மின்னாக மாறும்போது 325 வோல்ட்டாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். அதிலுள்ள மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். பார்ட் விலை தெரிந்துகொள்ள உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

படி 2: பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

இந்த இடத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். செம்பூரில் இருக்கும் என் தம்பி வீட்டு டிவிக்கு ஸ்ட்ரிப் வாங்க, டிவியின் பின்பக்க மாடல் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனேன். கடைக்காரர் கொடுத்தார். வீட்டில் வந்து பிரித்தால், உள்ளே இருந்த ஸ்ட்ரிப்பில் 8 விளக்கு, நான் வாங்கியதில் 7. ஒரே மாடல் பெயரில், ஒரே கம்பெனி, கிடைத்ததை வைத்து இரண்டு மூன்று விதமான பேனல்களைப் போட்டு விற்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். திரும்பப் போனால், "கட் பண்ண கவரை எடுக்கமாட்டோம்" என்றார்கள்.

அதனால் டிவிக்கு பேனலிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் எண். போர்டுக்கு போர்டின் மேல் அச்சடித்த எண். லேப்டாப் பேட்டரிக்கு அதன் உடம்பில் இருக்கும் பார்ட் எண். லெனோவோவில் அதை எஃப்.ஆர்.யூ. என்றும், டெல்லில் டி.பி./என் என்றும் போட்டிருப்பார்கள். மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள். முடிந்தால் கெட்டுப்போன பார்ட்டையே துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். மும்பையில் எந்தக் கடைக்காரருக்கும் புரியும் மொழி அது.

போர்டில் தலை உப்பிய கெபாசிட்டருக்கு விதி சுலபம். மைக்ரோஃபாரட் அதே அளவு; வோல்ட் அதே அளவு அல்லது அதற்கு மேல், ஒருபோதும் குறையக்கூடாது. 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி என்று எழுதியதைக் கேளுங்கள். விலை வித்தியாசம் டீக்காசுகூட இருக்காது. ஆயுள் வித்தியாசம் பெரிது.

படி 3: "ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம்

இந்தப் பாடம்தான் நீளம், இதில்தான் பணம் போகிறது.

போன் டிஸ்ப்ளேயை எடுத்துக்கொள்வோம். கடைகளில் இதற்கு காம்போ, ஃபோல்டர் என்று பெயர். கண்ணாடி, டச், திரை மூன்றும் ஒட்டியது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் போடுவது ஒன்று. பழைய போனிலிருந்து கழற்றிய அசல் திரைக்குப் புதுக் கண்ணாடி மட்டும் ஒட்டியது இன்னொன்று. வேறு தொழிற்சாலை தயாரித்த ஓலெட் ஒன்று. ஓலெட் இருந்த இடத்தில் எல்சிடியைப் போடும் "இன்செல்" ஒன்று. கடைக்காரர் வாயில் நான்குமே "ஒரிஜினல் ஹை, பாய்" தான். விலையோ மடங்கு மடங்காக வேறுபடும். இன்செல் போட்டால் கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். வயதான அப்பா பேசுவதற்கு மட்டும் வைத்திருக்கும் போனுக்கு அதுவே போதும் என்பேன். தவறு இன்செல் வாங்குவதில் இல்லை. அசல் விலை கொடுத்து அதை வாங்குவதில்தான்.

ஐபோன்காரர்களுக்கு வேறு தலைவலி. டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா எல்லாம் அந்தந்த போனோடு சீரியல் எண்ணால் பிணைக்கப்பட்டவை. வெளிச் சாமான் போட்டால் செட்டிங்ஸில் அறிவிப்பு வரும். ஐஓஎஸ் 18-க்குப் பிறகு, வேறொரு ஐபோனிலிருந்து எடுத்த அசல் பார்ட்டை போனிலேயே சீரமைத்துக்கொள்ள வழி வந்திருக்கிறது. அதனால் "கழற்றின மால்" என்றால் முகம் சுளிக்க வேண்டாம். பல சமயம் புது காப்பியைவிட அது மேல்.

பேட்டரியில் மட்டும் சமரசம் கூடாது. போன், லேப்டாப் லித்தியம் பேட்டரிகளுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். அதன்மேல் ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று காட்டும். எண்ணே இல்லாததை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

படி 4: எதற்கு எங்கே போவது

நகரின் தாய்ச்சந்தை லேமிங்டன் ரோடு. பம்பாய் கவர்னராக இருந்த லேமிங்டன் பிரபுவின் பெயர். இன்றைய அரசுப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். டாக்ஸிக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முழிப்பார்! சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ அப்படி. ஐசி, கெபாசிட்டர், ரிலே, மல்டிமீட்டர், லேப்டாப் கீபோர்டு எல்லாம் இங்கே. வெஸ்டர்ன் லைனில் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடந்தால் வந்துவிடும். ஃபாஸ்ட் வண்டி நிற்காது, ஸ்லோவில் ஏறுங்கள். 2025 அக்டோபரில் மெட்ரோ 3 முழுதாகத் திறந்த பிறகு, தாராவி ஸ்டேஷனில் ஏறினால் மாறாமல் கிராண்ட் ரோட்டில் இறங்கலாம். செம்பூர்க்காரர்கள்தான் பாவம்: குர்லாவில் ஒரு மாற்றம், தாதரில் இன்னொன்று.

போன் சாமான்களுக்கு சிஎஸ்எம்டி பக்கம் மனீஷ் மார்க்கெட். ஃபேன், மிக்ஸி, சுவிட்சு வகைகளுக்கு கிராஃபோர்டு மார்க்கெட்டை அடுத்த லோகார் சால். பழைய ரேடியோ, வால்வு, தயாரிப்பே நின்றுபோன சாமான்களுக்கு சோர் பஜார். வெள்ளிக்கிழமை விடியலில் கூடும் சந்தையில் பொறுமையாகக் கிளறினால் அதிர்ஷ்டம் அடிக்கும்.

ஒரே ஒரு பார்ட்டுக்காக இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? வேண்டாம். 90 அடி ரோட்டு அண்ணாச்சி வாரம் ஒருமுறை லேமிங்டன் ரோடு போகிறவர். எண்ணைக் கொடுத்தால் வாங்கி வருவார். 50 ரூபாய் கூட வைத்தாலும் உங்கள் அரை நாள் மிச்சம்.

படி 5: கடையில் நின்றுகொண்டு

முதல் கேள்வி விலை அல்ல, வாரண்டி. டிஸ்ப்ளேக்குப் பெரும்பாலும் "டெஸ்டிங் வாரண்டி" மட்டும்தான்: ஒட்டுவதற்கு முன் இணைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், மேலே இருக்கும் பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டால் முடிந்தது. ஆகவே அங்கேயே இணைத்து, வெள்ளைத் திரையில் புள்ளி இருக்கிறதா, விரலால் நான்கு மூலையும் இழுத்தால் டச் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, கச்சா பில்லா பக்கா பில்லா. பக்கா பில் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பார்கள். 200 ரூபாய்ச் சாமானுக்கு நானும் கச்சா பில்லோடு வந்திருக்கிறேன், மறைப்பானேன். ஆனால் 2,000-க்கு மேல் போனால் பக்கா பில் இல்லாமல் நகராதீர்கள். பின்னால் புகார் கொடுக்க அதுதான் கையில் இருக்கும்.

மூன்றாவது, பழைய போன் மதர்போர்டு வாங்கினால் ஐஎம்இஐ எண்ணைக் கேட்டு, கேஒய்எம் என்று எழுதி ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 6: கிடைக்கவே இல்லை என்றால்

பார்ட் கிடைக்காத கோபத்தில் பிறந்ததுதான் நம் வீட்டு மிக்ஸி. மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி மாதுரி வைத்திருந்த பிரான் மிக்ஸர் நம்மூர் அரைப்புக்குத் தாங்காமல் நின்றது. இங்கே அதைச் சரிசெய்ய வழியில்லை. அவர் தானே ஒன்றைச் செய்தார். 1963-இல் தொடங்கிய அந்த சுமீத், நம் சமையலறைகளில் பொருளுக்கே பெயராகிவிட்டது.

நமக்கெல்லாம் அது முடியாது. ஆனால் சட்டம் கொஞ்சம் துணை வந்திருக்கிறது. 2022 டிசம்பர் 24-இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் திறந்தது. கம்பெனிகள் ஸ்பேர், வாரண்டி விவரங்களை அதில் தருகின்றன. கார் ஸ்பேரை வெளிச்சந்தையில் விடாமல் வைத்திருந்ததற்காக 2014-இல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல், ஒரு போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டு ஸ்பேர் தரவேண்டும் என்று விதி. இங்கே அப்படி ஆண்டு குறித்த கட்டாயம் இன்னும் வரவில்லை; வந்தாக வேண்டும்.

கம்பெனி "ஸ்டாக் இல்லை" என்று மாதக்கணக்கில் இழுத்தால் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அதிலும் ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை.

படி 7: எப்போது விட்டுவிடலாம்

பார்ட்டும் கூலியும் சேர்ந்து புதுசின் பாதி விலையைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். உடைந்த டிவி பேனல் அந்த ரகம். உப்பிய பேட்டரியை மட்டும் குப்பையில் போடாதீர்கள், பற்றிக்கொள்ளும், அண்ணாச்சியிடமே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று கிளம்பிவிடாதீர்கள். அன்று லேமிங்டன் ரோட்டில் பெரும்பாலான கடைகளுக்கும் லீவுதான்.