சீட்டுக்கு அடியில் எஞ்சின்: வீட்டிலேயே கழுவலாமா?

கேள்வி: ஐயா, ஆரணியில் டாடா ஏஸ் டீசல் வண்டி வைத்து ஓட்டுகிறேன். அரிசி ஆலையிலிருந்து மூட்டை, நெசவாளர் வீடுகளிலிருந்து சேலைப் பார்சல் என்று காஞ்சிபுரம், வேலூர் வரை போய் வருவேன். சீட்டைத் தூக்கினால் எஞ்சின் முழுக்கத் தவிட்டுத் தூசியும் ஆயில் பிசுக்கும்தான். ஆயுத பூஜைக்குள் நானே சுத்தம் செய்து பளபளப்பாக்க நினைக்கிறேன். தம்பி சாயப்பட்டறையில் வேலை செய்வதால் வீட்டில் சோப்பும் சலவை சோடாவும் இருக்கின்றன. அதைக் கரைத்துக் கழுவி, கடைசியில் வாட்டர் சர்வீஸில் செய்வதுபோல் டீசல் தெளித்தால் போதுமா? – ஒரு வாசகர், ஆரணி

பதில்: சலவை சோடாவைத் தம்பியின் பட்டறையிலேயே விட்டுவிடுங்கள். கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு பசைதான். அதைக் கொதிநீரில் கரைத்தெடுக்கச் சோப்பும் சோடாவும் சரியான பொருள்கள். ஆனால் அதே காரம் அலுமினியத்தை அரிக்கும். ஆல்டர்னேட்டர் கூடு, கியர்பாக்ஸ் கூடு போன்றவை அலுமினிய வார்ப்பு. சோடா பட்டால் கறுத்து, மேல்தோல் சொரசொரப்பாகி, அடுத்த முறை அழுக்கு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காஸ்டிக் சோடாவை நினைத்தே பார்க்காதீர்கள். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம்.

டீசல் தெளிப்பதும் வேண்டாம். தெளித்த அன்று பளபளக்கும், மறுநாள் ஆலை வாசலில் நின்றதும் தவிடு முழுவதும் அந்த ஈரத்தில் அப்பிக்கொள்ளும். ரேடியேட்டர் ஹோஸின் ரப்பர் சூட்டையும் தண்ணீரையும் தாங்குவதற்காகச் செய்தது. எண்ணெயில் ஊறினால் உப்பி இளகிவிடும். எனக்குப் பெரிய கவலை தீதான். மூட்டை ஏற்றி மேடேறும்போது சைலன்சர் மேனிஃபோல்டு, டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பத்தைத் தாண்டிவிடும். உங்கள் வண்டியில் அந்தச் சூடு நீங்கள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

சுத்தம் செய்ய உட்காரும் முன் ஒரு வேலை பாக்கி. எதையும் துடைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். காய்ந்த தூசி இருக்கும் இடத்தில் பழுதில்லை. தூசி ஈரமாக, கரும்பசையாக இருந்தால் அதற்கு மேலே எங்கோ ஆயில் கசிகிறது என்று அர்த்தம். ஈரத்தின் மேல் விளிம்பு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். பெரும்பாலும் டேப்பெட் கவர் கேஸ்கெட்டாகவோ, ஆயில் ஃபில்டர் மாட்டிய இடமாகவோ இருக்கும். வாட்டர் சர்வீஸில் ஐந்து நிமிடத்தில் அடித்து அனுப்பிவிடும்போது இந்தத் தடயமெல்லாம் சாக்கடைக்குப் போய்விடுகிறது. வீட்டில் செய்வதை நான் ஆதரிப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

இனி வேலைக்கு வருவோம். வண்டி ஓடி நின்று இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். மேனிஃபோல்டில் கை வைத்துப் பொறுக்க முடிய வேண்டும். சூடான வார்ப்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. பிளஸ்ஸில் ஸ்பேனரை வைத்திருக்கையில் அது பாடியில் உரசினாலும் மைனஸ் கழன்றிருந்தால் தீப்பொறி வராது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கையுறை போட்டு, ஆப்ப சோடாக் கரைசலைத் தொட்டுத் துலக்குங்கள். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது; பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றக்கூடியது.

ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், வயர் கப்ளர்கள், ஆயில் ஊற்றும் மூடி, பிரேக் ஆயில் டப்பா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். பிஎஸ்-6 வண்டியானால் சென்சார்களும் கப்ளர்களும் அதிகம், ஒவ்வொன்றாகத் தேடி மூட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய். அதன் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போய், நீங்கள் ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிறிய வேலை எஞ்சின் பிரிக்கிற செலவாக மாறுவது இங்கேதான்.

தவிட்டை முதலில் உலர்ந்த நிலையிலேயே எடுங்கள். நனைந்தால் கூழாகி இடுக்கில் இறுகிவிடும். பழைய பெயின்ட் பிரஷும் வீட்டு வேக்குவம் கிளீனரும் போதும். அரிசி மணிகள் கிடக்கின்றனவா, வயரில் பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அரிசி ஏற்றும் வண்டிக்கு எலி வரும். ஒட்டிக்கிடக்கும் தானியத்தைத் துடைத்தெடுத்தால் அது வரக் காரணம் பாதி குறையும்.

பிசுக்குக்குத் தண்ணீரில் கலக்கும் டிகிரீசர் வாங்குங்கள். கீழிருந்து மேலாகத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தண்ணீர் தேவைப்பட்டால் கைத்தெளிப்பான் போதும். இந்த வண்டியில் எஞ்சின் கேபினுக்குள் இருப்பதால் பிரஷர் பம்ப் அடித்தால் தண்ணீர் வயரிங்குக்கும் தரை விரிப்புக்கும் பாயும். துடைக்கப் பனியன் வேஸ்ட் நல்லது. தறியில் மிஞ்சிய கழிவு நூலை எடுக்காதீர்கள். நீள இழை பெல்ட் புல்லியில் சுற்றிக்கொள்ளும்.

முன்னாலிருக்கும் ரேடியேட்டர் இதழ்களில் உமியும் பூச்சியும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி மெல்லத் தண்ணீர் விடுங்கள். இதழ் மடங்கினால் காற்று போகாது, வண்டி சூடாகும்.

இதை எங்கே செய்வது என்பதும் முக்கியம். காலையில் பாவு விரிக்கும் தெருவாக இருந்தால் அங்கே வேண்டவே வேண்டாம். ஆயில் தண்ணீர் ஒரு துளி பாவில் தெறித்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு கெடும். ஒதுக்குப்புறமாகத் தார்ப்பாய் விரித்து, மேலே மரத்தூள் கொட்டி, வண்டியை அதன்மேல் நிறுத்துங்கள். ஊறிய மரத்தூளைச் சாக்கில் கட்டி, பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சாக்கடையில் கொட்டினால் அது கமண்டல நாகநதிக்குத்தான் போகும்.

பிறகு கவர்களை அகற்றி, பஞ்சர் கடையில் காற்று வாங்கி இடுக்கில் நிற்கும் ஈரத்தை ஊதி விரட்டுங்கள்; சீட்டைத் திறந்தே வெயிலில் விடுங்கள். பளபளப்பு வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கிலும் ஹோஸிலும் மட்டும் தண்ணீர் கலந்த டிரெஸ்ஸிங். பெல்ட்டில் எதுவும் படக்கூடாது, வழுக்கும். தேங்காயெண்ணெயும் வேண்டாம். பூஜையன்று சந்தனம் குங்குமத்தை வெளியே கேபினில் வையுங்கள்; பேட்டரி டெர்மினலில் வேண்டாம். கற்பூரத்தைத் தரையில் ஏற்றி, வண்டியிலிருந்து தள்ளிக் காட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் துணி எதுவும் மேனிஃபோல்டு மேல் கிடக்கவில்லையே என்று ஒருமுறை பாருங்கள். பத்து நிமிடம் ஓடட்டும். இரவு வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் கறுப்புச் சொட்டு இருந்தால் எஞ்சின் ஆயில், பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட். டீசலை வாசனையே சொல்லிவிடும். அட்டையையும் நீங்கள் முதலில் எடுத்த படங்களையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.